தொட்டியில் அரைத்தால் தொல்லை தீருமா?

அமெரிக்க நாட்டு அடுப்படிகளிலே ஓர் இயந்திரம் இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டி, 'சிங்க்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் அடியிலே கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. தட்டில் மிஞ்சியதை வீட்டிலுள்ளோர் தொட்டிக்குள் தள்ளுகிறார்கள், குழாயைத் திறக்கிறார்கள், விசையைத் தட்டுகிறார்கள். 'கர்ர்...' என்று ஓர் ஓசை. அரை நிமிடம் ஆவதற்குள் சோறும் இல்லை, தோலும் இல்லை, சிற்றெலும்பும் இல்லை! எல்லாம் கூழாகிக் குழாய் வழியே போய்விட்டன. குப்பைக் கூடையிலே ஈரமில்லை, ஈயில்லை, நாற்றமில்லை.

இதே இயந்திரம் இன்று நம் நாட்டு நகரங்களிலும் கடைக்கு வந்துவிட்டது. அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரம் செய்கிறார்கள். "குப்பை மேடுகளைக் குறைக்க இதுவே வழி" என்கிறார்கள். நல்ல நோக்கமுடையோர் சிலரும் அதை நம்பிச் சொல்கிறார்கள்.

உழைத்து உண்ணும் நமக்கு இந்தச் செய்தி எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! குப்பை என்பது அடுப்படியில் பிறந்தாலும், அது போய்ச் சேரும் இடம் பாட்டாளியின் வாசல்தான். குப்பையைச் சுமப்பவன் தொழிலாளி. குப்பை மேட்டுக்கு அருகில் குடியிருப்பவன் தொழிலாளி. சாக்கடை அடைத்தால் அதில் இறக்கப்படுபவனும் தொழிலாளி. ஆகவே, குப்பையைப் பற்றிய எந்தத் திட்டமானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சீமான் வீட்டுக் கூடையிலிருந்து மறைந்த பொருள், யார் தலையிலே போய் இறங்குகிறது?

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இயந்திரத்தைப் பார்ப்போம். பழிப்பதற்காக அல்ல, அளந்து பார்ப்பதற்காக.

கத்தியில்லாத ஆட்டுக்கல்

விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரிலே ஜான் ஹாம்ஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1927ஆம் ஆண்டில் இந்தக் கருவியை அவர் உருவாக்கினார். 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1938இல் 'இன்சிங்கரேட்டர்' என்ற பெயரிலே நிறுவனம் தொடங்கி விற்கலானார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்க நகரங்களின் ஓரங்களிலே புதுப்புது வீடுகள் எழும்பிய காலத்திலே, இக்கருவியும் வீட்டோடு வீடாகப் பரவியது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறக்குறையப் பாதியில் இது உண்டு.

உள்ளே கூரிய கத்திகள் சுழல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். கத்தியே இல்லை! நம் வீட்டு ஆட்டுக்கல்லிலே கல் நிற்கும், குழவி சுழலும் அல்லவா? அதுபோல இங்கே நடுவிலே ஒரு தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்று. அந்தத் தட்டின்மேல் இரும்பு முளைகள் இரண்டு ஆடிக்கொண்டிருக்கின்றன. விழுந்த பொருளைச் சுழற்சியின் வேகம் ஓரத்துக்கு வீசுகிறது. முளைகள் அதை நெட்டித் தள்ளுகின்றன. சுற்றிலும் இருக்கிற பல் வைத்த வளையம் தேங்காய் துருவுவதுபோல் துருவித் தள்ளுகிறது. துருவல் தண்ணீரோடு கலந்து சாக்கடைக் குழாயில் இறங்குகிறது. பெரும்பாலான கருவிகளுக்கு அரைக் குதிரைத்திறன் மோட்டாரே போதும். மின்சாரச் செலவு ஆண்டுக்குச் சில யூனிட்தான்.

எதையும் அரைத்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். நார் மிகுந்த பொருள் இதற்குப் பகை. வாழைத்தண்டு நாரும், முருங்கைக்காய்ச் சக்கையும், தேங்காய் நாரும் முளைகளில் சுற்றிக்கொள்ளும். எண்ணெயும் கொழுப்பும் குழாய்க்குள் போய் ஆறி உறைந்து அடைத்துக்கொள்ளும். மேல்நாட்டு அடுப்படிக்காகப் பிறந்த கருவி இது. நம் அடுப்படிக் குப்பையை அது முழுவதும் ஏற்காது.

மேட்டுக்குப் போன சோறு

சரி, சோற்றையும் காய்த்தோலையும் குப்பை மேட்டுக்கு அனுப்பினால் என்ன கேடு? மண்ணில் விளைந்தது மண்ணுக்குத்தானே போகிறது என்று சிலர் கேட்கலாம்.

மண்ணுக்குப் போனால் கேடில்லை. மேட்டுக்குப் போவதுதான் கேடு! எருக்குழியிலே காற்று புகும். காற்றோடு மட்கினால் எருவாகும். மலைபோல் குவித்த குப்பையின் வயிற்றுக்குள்ளே காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் அழுகும் உணவு, மீத்தேன் என்னும் வாயுவைக் கக்குகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அந்த வாயு கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. தீப்பற்றக் கூடியதும் அதுவே. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்று வட்டாரத்து மக்களை நாட்கணக்கில் புகையில் மூழ்கடித்ததை மறந்துவிட முடியுமா?

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அந்நாட்டு நகரக் குப்பை மேடுகளிலிருந்து கசிந்து காற்றில் கலக்கும் மீத்தேனில் 58 சதவிகிதம், புதைக்கப்பட்ட உணவிலிருந்து வருவதாக அது கணக்கிட்டது. பிளாஸ்டிக் அல்ல, இரும்பு அல்ல, கண்ணாடி அல்ல. மிஞ்சிய சோறும் ரொட்டியும்தான் அந்தப் பாதிக்கு மேலான பங்கு! 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே மேட்டுக்குப் போன குப்பையில் 24 சதவிகிதம் உணவே. நம் நாட்டு நகரங்களிலோ குப்பையில் ஏறத்தாழப் பாதி, மட்கும் குப்பை.

அது மட்டுமா? காய்த்தோலும் பழத்தோலும் பெரும் பங்கு தண்ணீர். வண்டியிலே தண்ணீரை ஏற்றித் தெருத்தெருவாகச் சுமந்துகொண்டு போய் மேட்டில் கொட்டுகிறோம் என்பதே உண்மை. அந்தத் தண்ணீர் குப்பையின் நஞ்சையெல்லாம் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்கு இறங்குகிறது. மழையும் சேர்ந்துகொண்டால் மேடே சரிகிறது.

2000ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் பயாதாஸ் குப்பை மேடு அடைமழையிலே சரிந்து, அடிவாரத்துக் குடிசைகளின்மேல் விழுந்தது. 200 பேருக்கு மேல் மாண்டனர். குப்பையைக் கிளறிப் பொறுக்கி வயிறு கழுவிய ஏழைகள் அவர்கள். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் உயிர் இழந்தனர். ஊரார் தின்று மிஞ்சியது, ஊரின் ஓரத்து ஏழையைத் தின்றது!

இதை எண்ணும்போது, "மேட்டுக்கு உணவு போகாமல் தடுக்கும் எந்த வழியும் நல்ல வழியே" என்று சொல்லத் தோன்றும். அரைக்கும் கருவியின் பக்கம் இருக்கிற நியாயமும் அதுதான். அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

மெம்பிஸ் நகரின் இரு தொழிலாளர்

அந்த நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது தொழிலாளியின் முதுகு.

1968 பிப்ரவரி 1ஆம் நாள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே மழை கொட்டுகிறது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு துப்புரவுத் தொழிலாளர்கள், கறுப்பின மக்கள், ஒதுங்க இடமின்றிக் குப்பை லாரியின் பின்புறத்தில் ஏறி நிற்கிறார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று இயங்கிவிட்டது. குப்பையோடு குப்பையாக அவ்விருவரையும் நசுக்கிக் கொன்றது.

பிப்ரவரி 12ஆம் நாள் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டைகளை ஏந்தித் தெருவில் நடந்தனர். அந்தப் போராட்டத்துக்குத் துணை நிற்க வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரல் 4ஆம் நாள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ஆம் நாள் நகராட்சி இறங்கி வந்து சங்கத்தை ஏற்றது.

குப்பை வண்டி என்பது வெறும் வண்டியல்ல, தோழர்களே! அதன் பின்னே ஒரு தொழிலாளியின் முதுகெலும்பு இருக்கிறது. அவன் நுரையீரல் இருக்கிறது. ஒழுகும் கூடையைத் தலையில் சுமந்தவனுக்குத் தெரியும், ஈரக் குப்பையின் கனமும் காரமும். ஆகவே அந்த ஈரத்தை வண்டியில் ஏற்றாமல் குழாயில் அனுப்ப ஒரு கருவி வருகிறது என்றால், அதை ஒரே வாக்கில் தள்ளிவிடக் கூடாது. இயந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. இயந்திரம் யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதிலேதான் நம் வழக்கு.

நியூயார்க் போட்ட பூட்டும் திறந்த கதவும்

இக்கருவியை வைத்து ஊரே குப்பையை ஒழித்த முயற்சிகளும் உண்டு. இண்டியானா மாநிலத்திலே ஜாஸ்பர் என்றொரு சிற்றூர். 1950இல் அவ்வூர் நிர்வாகம் வீடுதோறும் இக்கருவியைப் பொருத்தச் செய்து, உணவுக் குப்பை வண்டிக்கே ஓய்வு கொடுத்தது. அந்நாளில் இது நாடெங்கும் பேசப்பட்டது.

ஆனால் அதே நாட்டின் மிகப் பெரிய நகரம் என்ன செய்தது? நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் இக்கருவியைப் பொருத்துவதே பல்லாண்டுக் காலம் சட்டத்துக்கு விரோதம்! ஏன்? அங்கே பல பகுதிகளில் வீட்டுச் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் தாங்காது. பொங்கி, சுத்தம் செய்யப்படாமலே ஆற்றிலும் கடலிலும் கலக்கும். அதிலே அரைத்த உணவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சம்.

பின்பு நகர நிர்வாகம் 21 மாதங்கள் சோதித்துப் பார்த்தது. குழாய்களுக்குப் பெருந்தீங்கு வராது என்ற முடிவுக்கு வந்தது. 1997இல் தடை நீங்கியது. அக்காலத்திலே ஸ்டேட்டன் தீவில் 1948 முதல் நிரப்பப்பட்டு வந்த 'பிரெஷ் கில்ஸ்' என்னும் பெருங்குப்பை மேட்டை மூடும் திட்டமும் இருந்தது. 2001இல் அதை மூடினார்கள். குப்பை அயல் மாநிலங்களுக்குப் பயணம் புறப்பட்டது.

தடை நீங்கியதால் குப்பை நீங்கியதா? நீங்கவில்லை! பழைய கட்டடங்களின் குழாய்கள் ஒத்துழைக்கவில்லை; குடியிருப்போர் விரும்பினாலும் கட்டட உரிமையாளர் இசைய வேண்டும். கடைசியிலே அந்த மாநகரம் எங்கே வந்து நின்றது தெரியுமா? 2024 அக்டோபரில், உணவுக் குப்பையைத் தனிக் கூடையில் பிரித்து வைக்க வேண்டும் என்ற விதி நகரம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட நகரம், கூடையைத்தான் கடைசியில் நாடியது. இதிலே நமக்கொரு பாடம் இருக்கிறது.

குழாயின் மறுமுனை

கண்ணுக்கு மறைந்தது எல்லாம் ஒழிந்தது ஆகாது. அரைத்த கூழ் குழாயில் இறங்குகிறது. தெருச் சாக்கடையில் சேருகிறது. நீரேற்று நிலையங்களைக் கடக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. அங்கே அது வண்டலாக அடியில் தங்குகிறது. அதன் பிறகுதான் விதி இரண்டாகப் பிரிகிறது.

அந்த நிலையத்திலே காற்றுப்புகாத செரிப்புக் கலன்கள் இருந்தால், வண்டல் மீத்தேனாக மாறும். அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் ஆக்கலாம், எஞ்சியது எருவாகும். மேட்டிலே கேடு செய்த அதே வாயு, கலனுக்குள்ளே கூலி வாங்காத வேலைக்காரன்! கலன் இல்லையேல்? வண்டலைக் காய வைத்து, லாரியில் ஏற்றி, மறுபடியும் குப்பை மேட்டுக்கே கொண்டு போவார்கள். வாசல் வழியாக அனுப்பிய விருந்தாளி, கொல்லை வழியாக வந்துவிட்டான் என்பது போல!

சுவீடன் நாட்டிலே சுரஹம்மார் என்னும் சிறு நகராட்சி. 1990களின் பிற்பகுதி முதல் அந்நகராட்சியே முன்நின்று, ஏறத்தாழப் பாதி வீடுகளில் இக்கருவியைப் பொருத்தியது. ஆண்டாண்டாக அளந்து பார்த்தார்கள். சாக்கடை அடைப்பு கூடவில்லை. தண்ணீர்ச் செலவு குறிப்பிடத்தக்க அளவில் ஏறவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைத்த வாயு நன்றாகக் கூடியது. மெச்சத்தக்க வெற்றிதான்! ஆனால் அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். கருவியைப் பரப்பியது வியாபாரி அல்ல, ஊராட்சி. குழாய் ஒழுங்காக இருந்தது. மறுமுனையில் செரிப்புக் கலன் காத்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் வெற்றி.

தென்கொரியா வேறு வழியைப் பிடித்தது. 2005இல் உணவுக் கழிவை நேரடியாக மேட்டில் புதைப்பதைத் தடை செய்தது. 2013இல் எடைக்கு எடை கட்டணம் என்ற முறையைக் கொண்டு வந்தது. குடியிருப்பின் கீழே எடை போடும் பெட்டி. எவ்வளவு கொட்டினாயோ அவ்வளவு காசு! பெரும்பகுதி உணவுக் கழிவு இன்று எருவாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. அரைக்கும் கருவியையோ அந்நாடு கட்டுக்குள் வைத்தது. வீட்டில் வைக்கலாம், ஆனால் அரைத்ததில் 20 சதவிகிதத்துக்கு மேல் சாக்கடைக்குப் போகக் கூடாது. 80 சதவிகிதத்தைப் பிடித்துத் தனியே எடுத்தாக வேண்டும் என்று 2012இல் விதித்தது.

இக்கருவி பிறந்த அமெரிக்காவே என்ன தீர்ப்பு எழுதியது? 2023இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, வீணாகும் உணவை என்ன செய்வது என்று ஒரு வரிசை வகுத்தது. முதல் இடம், வீணாக்காமல் இருப்பது. அடுத்து, பிறருக்கு உண்ணக் கொடுப்பது. பின்னர் கால்நடைத் தீவனம், எரு, வாயு என்று இறங்கி வருகிறது. கடைசிப் படியிலே மூன்றை ஒன்றாக நிறுத்தியது: மேட்டில் புதைத்தல், எரித்தல், சாக்கடையில் விடுதல்! புகுந்த வீட்டில் அல்ல, பிறந்த வீட்டிலேயே கருவிக்குக் கிடைத்த இடம் இது.

கொடுங்கையூரின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். நம் அடுப்படிக்கு இந்தக் கருவி வந்தால் என்ன ஆகும்?

சென்னையின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடசென்னைக் குப்பை எங்கே போகிறது? கொடுங்கையூர்க் கிடங்குக்கு. தென்சென்னைக் குப்பை பல்லாண்டுகளாய் எங்கே போய்ச் சேர்ந்தது? பெருங்குடிக்கு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலே. சரி, நகரத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் எங்கே? கோயம்பேட்டிலும் நெசப்பாக்கத்திலும் உண்டு. மற்ற இரண்டு? கொடுங்கையூர்! பெருங்குடி!

வண்டியில் போனாலும் கொடுங்கையூர். குழாயில் போனாலும் கொடுங்கையூர். லாரியில் போனாலும் பெருங்குடி. சாக்கடையில் போனாலும் பெருங்குடி! மாளிகையின் கூடை காலியாகிறது. ஆனால் அந்தக் கூடையின் முகவரி மாறவில்லை. இடம் மாறாது, வடிவம் மாறும், அவ்வளவே.

வடிவம் மாறுவதால் நன்மை இல்லை என்று சொல்லவில்லை. சென்னைச் சுத்திகரிப்பு நிலையங்களிலே வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. மேட்டில் அழுகுவதைவிடக் கலனில் செரிப்பது மேல். ஆயினும் கூழ் அந்தக் கலனைச் சென்று சேர வேண்டுமே! நடுவில் இருப்பது நம் நகரத்துச் சாக்கடை. அதிலே நீரோட்டம் வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்ற நகரம் இது. மழைக்காலத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்குகிற சாக்கடை இது. எண்ணெய் உறைந்து, மணல் படிந்து, பிளாஸ்டிக் பை அடைத்து நிற்கிற குழாய் இது. சுரஹம்மார் குழாயின் கணக்கை இந்தக் குழாய்க்கு எழுதுவது, மாற்றான் சட்டையை அளவு பார்க்காமல் மாட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பாதாளச் சாக்கடையே எட்டாத புறநகர்ப் பகுதிகளிலோ, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதில் அரைத்த உணவு சேர்ந்தால் வண்டல் விரைவில் நிறையும். அடிக்கடி அள்ள வேண்டிவரும். அள்ளுவது யார்?

இறங்குபவன் யார்?

இங்கேதான் தோழர்களே, இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது.

சாக்கடை அடைத்தால் மேல்நாட்டு நகரங்களில் அழுத்த நீர் பாய்ச்சும் வண்டியும், குழாய்க்குள் போகும் படக்கருவியும் முன்னே நிற்கும். நம் நாட்டிலோ இன்னும் மனிதனை இறக்குகிறார்கள்! இடுப்பிலே கயிறு, கையிலே மூங்கில் குச்சி. உள்ளே காத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு. அந்த வாயு எங்கிருந்து வருகிறது? தேங்கி நிற்கும் கழிவு, காற்றின்றி அழுகுவதால் வருகிறது. அழுகும் பொருள் கூடினால் அபாயமும் கூடும் என்பதை எந்தத் துப்புரவுத் தொழிலாளியும் தன் மூக்காலேயே சொல்லுவான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதனைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு மாண்டவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை! நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளிலே, இத்தகைய சாவுகளில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. இதைவிட வெட்கம் வேறு என்ன வேண்டும்?

இந்நிலையிலே, குப்பைக் கூடையின் பாரத்தைச் சாக்கடைக்கு மாற்றுகிறோம் என்றால் அதன் பொருள் என்ன? தெருவில் வெயிலில் நிற்கும் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கி, தெருவுக்கு அடியில் இருட்டில் நிற்கும் தொழிலாளியின் தலையில் வைக்கிறோம் என்பதுதானே! மேலே நின்றவனுக்காவது மூச்சு விடக் காற்று இருந்தது.

பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவியை வாங்குபவர் ஒருவர். அரைத்த கூழைக் கொண்டு போகும் குழாயோ ஊரார் வரிப்பணத்தில் போட்டது. அடைப்பு எடுப்பவனோ ஒப்பந்தக்காரனிடம் தினக் கூலி வாங்குபவன். சுகம் தனியாருக்கு, சுமை ஊருக்கு, சாவு ஏழைக்கு! இந்தப் பங்கீட்டை நாம் ஏற்க முடியுமா?

செய்ய வேண்டியது என்ன?

குறை சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது நம் வழக்கமல்ல. வழி சொல்ல வேண்டும். வழி இருக்கிறது; எளிய வழி.

முதலாவது, வீணாக்காமை. ஏழை வீட்டில் மிஞ்சுவது குறைவு. மிஞ்சிய சோறும் பழையதாகிக் காலையில் பசி தீர்க்கும். மண்டபங்களில் எச்சில் இலையோடு கொட்டப்படுகிறதே, அந்த விருந்துச் சோற்றைத்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பிரித்து வைத்தல். ஈரக் குப்பைக்கு ஒரு கூடை, உலர்ந்த குப்பைக்கு ஒரு கூடை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே இதைச் சொல்லின. ஒரு காசு செலவில்லை, மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நார் இருந்தாலும் கொழுப்பு இருந்தாலும் கூடை மறுக்காது. அந்த ஈரக் குப்பை வட்டந்தோறும் எருவாகட்டும். சந்தைக் கழிவு வாயுவாகட்டும். பிரித்து வாங்கிய குப்பையை ஒரே வண்டியில் கலந்து கொட்டும் ஒப்பந்தக்காரரை மட்டும் மக்கள் தட்டிக் கேட்க வேண்டும். அந்தக் கலப்படமே மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கிறது.

மூன்றாவது, அரைக்கும் கருவிக்கு உரிய இடம். கருவியை அடியோடு விலக்க வேண்டியதில்லை. மழைநீரும் கழிவுநீரும் தனித்தனிக் குழாயில் ஓடும் இடம். இயந்திரத்தாலேயே அடைப்பு எடுக்கும் ஏற்பாடு. முடிவிலே வாயு பிடிக்கும் கலன். இந்த மூன்றும் இருக்கும் குடியிருப்பிலே வைக்கட்டும். தன் கழிவுநீரைத் தானே சுத்திகரிக்கும் பெரிய அடுக்குமாடிகள், தம் வளாகத்திலேயே கலனையும் கட்டட்டும். எடுக்கும் வாயுவில் அவர்களே அடுப்பெரிக்கட்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கருவிக்கு அனுமதி கூடாது.

நான்காவது, முன்நிபந்தனை. மனிதன் இறங்காத சாக்கடை! அடைப்பு எடுக்கும் வண்டி ஒவ்வொரு நகராட்சிக்கும் வர வேண்டும். அதை ஓட்டும் வேலை, இதுவரை இறங்கியவனுக்கே நிரந்தரப் பணியாகக் கிடைக்க வேண்டும். அதற்கு முன்பு, சாக்கடையில் கூடுதலாக ஒரு பிடி சோற்றை அரைத்து விடுவதற்கும் எவருக்கும் உரிமை இல்லை.

தோழர்களே, இந்த வேலை மன்றத் தீர்மானத்தோடு முடிவதல்ல. உங்கள் வட்டத்துக் குப்பை வண்டி எங்கே போகிறது என்று ஒருநாள் பின்தொடர்ந்து பாருங்கள். உங்கள் தெருச் சாக்கடையில் கடைசியாக யார் இறங்கினார் என்று கேட்டறியுங்கள். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டக் கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, "இவர் மறுமுறை இறங்கக் கூடாது" என்று மாமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் வாக்குக் கேளுங்கள். உங்கள் வீட்டிலே இரண்டு கூடையை இன்றே வையுங்கள். பிறருக்குச் சொல்வதற்கு அதுவே தகுதி.

விசையைத் தட்டினால் மறைவது குப்பைதான், பொறுப்பு மறைவதில்லை. அந்தப் பொறுப்பை அரைத்துத் தள்ள எந்தக் கம்பெனியும் இன்னும் இயந்திரம் செய்யவில்லை!